பிஸ்கட் பிந்தினால்

நாய்க்கு உட்காரச் சொல்லித்தரும் ஒருவரைச் சற்று நிதானமாகக் கவனித்தால் போதும். 'சிட்' என்கிறார். (வீட்டில் தமிழ் தவிர வேறெதுவும் பேசாதவர்கள்கூட நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள், அதை வேறொரு சமயம் பேசலாம்.) நாய் உட்காருகிறது. அவர் முகம் மலர்கிறது. சட்டைப்பைக்குள் கை போகிறது, பொட்டலம் பிரிகிறது, பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து நீட்டுகிறார். அதற்குள் நாய் எழுந்து, இரண்டடி முன்னால் வந்து, முன்னங்கால்களை அவர் தொடைமேல் வைத்தாயிற்று. பிஸ்கட் அதன் வாய்க்குள் போகிறது. அவர் கணக்கில், உட்கார்ந்ததற்கு உரியதைக் கொடுத்துவிட்டார். நாயின் கணக்கில், கடைசியாகச் செய்தது மேலே தாவியது; தாவியதும் பிஸ்கட் வந்தது. இப்படியே ஒரு வாரம் போனால், 'சொன்ன பேச்சே கேட்பதில்லை, ஆளைக் கண்டாலே மேலே விழுகிறது' என்று அவர் குறைப்பட்டுக்கொள்வார். அந்த நாய் தனக்குக் கற்பிக்கப்பட்டதை மிகச் சரியாகவே கற்றிருக்கிறது என்பதுதான் என் வாதம். கீழ்ப்படியாமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நாம் பரிசு கொடுத்த நேரத்தை நாய் பிசகில்லாமல் படித்துக்கொண்டதால் வருவது. அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவிக்கு ஏதாவது மதிப்பு உண்டென்றால், அது நாயின் மூளைக்குச் செய்வதைவிட அந்த மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் செய்வதில்தான் கூடுதலாக இருக்கிறது.

கருவியின் கதை நாயிடம் தொடங்கவில்லை. 1943இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில், ஒரு மாவு மில்லின் மேல்மாடியில், உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரும் அவருடைய மாணவர்களும் புறாக்களை வைத்து ஓர் இராணுவ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அரசின் முடிவுக்காகக் காத்திருந்த நாளொன்றில், தீனிப்பெட்டியைத் திறக்கும் விசையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்றுக்கொடுக்க முயன்றார்கள். புறா பந்தைப் பார்த்ததற்கு ஒரு தடவை தீனி, நெருங்கியதற்கு ஒரு தடவை, அலகு பட்டதற்கு ஒரு தடவை. அதுவரை எந்திரம் செய்துவந்த வேலையை மனிதக் கை செய்தபோது, ஒரு நடத்தையைத் துளித்துளியாக வனைந்துவிட முடியும் என்று தெரிந்தது. அந்தக் குழுவிலிருந்த கெல்லர் பிரீலண்டும் அவர் மனைவி மரியனும் 1947இல் விலங்குப் பயிற்சியையே தொழிலாக நடத்தும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அது ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு இடம்பெயர்ந்தது. 1951இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதிய ஸ்கின்னர், பொம்மைக் கடையில் கிடைக்கும், அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் சிறு பொம்மையைப் பயன்படுத்தலாம் என்றார். நாய் வளர்ப்பவர்கள் யாரும் அதை அப்போது பொருட்படுத்தவில்லை. டால்பின்களோடு வேலை செய்தவர்களுக்குத்தான் வேறு வழி இல்லாமல் போனது. அந்தரத்தில் துள்ளும் டால்பினின் வாயில் மீனை வைக்க முடியாது; துள்ளல் முடிந்து அது கரைக்கு நீந்தி வருவதற்குள் வேறு பத்துக் காரியம் செய்திருக்கும். அதனால் துள்ளலின் உச்சியில் ஒரு விசில், மீன் பிறகு. 1960களில் ஹவாயில் டால்பின்களுக்குப் பயிற்சி தந்த கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட 'டோன்ட் ஷூட் தி டாக்' நூலுக்குப் பிறகும், 90களில் அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பிறகும்தான் நாய்க்காரர்களின் கையில் கிளிக்கர் ஏறியது.

செய்முறை எளிது. முதலில் எந்த வேலையும் வாங்காமல் 'டிக்', உடனே ஒரு துண்டு இறைச்சி. மறுபடி 'டிக்', மறுபடி ஒரு துண்டு. பத்துப் பதினைந்து தடவையில் நாய் சத்தத்தைக் கேட்டதுமே தீனியை எதிர்பார்த்துத் திரும்பும். அந்த நிலை வந்ததும் சத்தமே ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் அளந்து, 1997இல் சகாக்களோடு விளக்கியது இதற்கு நெருக்கமானது. தொடக்கத்தில் பழச்சாறு வாயில் விழும்போது துடிக்கிற, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள், பழகப் பழக, பழச்சாற்றை முன்னறிவிக்கும் விளக்கு எரியும் கணத்திலேயே துடிக்கத் தொடங்குகின்றன. நற்செய்தி வந்து சேரும் நேரம் முன்னே நகர்ந்துவிடுகிறது. ஆகவே கிளிக்கர் வைத்திருப்பவருக்கு பிஸ்கட்டை எடுக்க இரண்டு மூன்று நொடி அவகாசம் கிடைக்கிறது. சத்தத்தை எழுப்பத்தான் அவகாசமே கிடையாது. இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற ஒரு கறாரான விதியும் உண்டு. தவறான நேரத்தில் சத்தம் எழுப்பிவிட்டாலும் தீனி கொடுத்தே ஆக வேண்டும். தப்பைச் செய்தவர் மனிதர், ஊதியம் நாய்க்கு. இந்த விதி பலருக்கு எரிச்சலூட்டுகிறது என்பதிலேயே அதன் நியாயம் விளங்கும்.

அரை நொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 1948இல் கிரைஸ் என்ற உளவியலாளர் எலிகளுக்குக் கறுப்பு, வெள்ளை வழிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார். தாமதமின்றித் தீனி பெற்ற எலிகள் விரைவில் கற்றன. அரை நொடித் தாமதமே வேகத்தைக் குறைத்தது. 5 நொடியில் கற்றல் பல நூறு முயற்சிகளுக்கு இழுத்தது. 10 நொடியில் சில எலிகள் கடைசிவரை கற்கவே இல்லை. 2014இல் டோக்கியோ ஆய்வாளர்கள் சுண்டெலி மூளையின் நரம்பிணைப்புகளை நேரடியாகப் பார்த்தார்கள். ஓர் இணைப்பு தூண்டப்பட்ட பிறகு ஏறத்தாழ 0.3 நொடியிலிருந்து 2 நொடிக்குள் டோபமைன் வந்து சேர்ந்தால் அது தடித்தது. அந்த இடைவெளி கடந்து வந்தால் தடிக்கவில்லை. சுண்டெலியின் நரம்பிணைப்பிலிருந்து பூங்காவில் ஓடும் லாப்ரடாருக்கு ஒரே தாவலாகத் தாவிவிடக் கூடாதுதான். ஆனால் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட புறாச் சோதனை இன்னும் நேரடியானது. புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 நொடிக்கு ஒருமுறை தீனி வந்தது. எட்டுப் புறாக்களில் ஆறு ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன: ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று கூண்டின் மூலையில் தலையை முட்டியது, வேறு சில தலையை ஊசல்போல் ஆட்டின. தீனி வந்த கணத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது நிலைத்துவிட்டது என்பது அவர் விளக்கம். 1971இல் ஸ்டாடனும் சிமல்ஹாக்கும் இதை மறுபடி சோதித்து, அவற்றில் பல, தீனியை எதிர்பார்க்கும் புறா இயல்பாகவே செய்யும் அசைவுகள் என்று காட்டினார்கள். திருத்தம் நியாயமானது, தற்செயல் ஸ்கின்னர் நினைத்த அளவுக்கு எதையும் செதுக்கிவிடுவதில்லை. நாய் விஷயத்தில் அந்தத் திருத்தம் சிக்கலைக் கூட்டவே செய்கிறது. தீனியை எதிர்பார்க்கும் நாய் இயல்பாகச் செய்பவை என்ன? எழுந்திருப்பது, நெருங்குவது, தாவுவது, குரைப்பது. பிந்தி வரும் பிஸ்கட் போய் விழுவது பெரும்பாலும் இவற்றின் மேல்தான்.

ஒவ்வொரு பாடத்திலும் எந்தக் கணத்தைப் பிடிப்பது என்பதுதான் உண்மையான வேலை. உட்காருவதில் அது பின்புறம் தரையைத் தொடும் கணம். உட்கார்ந்த கோலத்தைக் கண்டு மகிழ்ந்து, பிறகு அழுத்தினால், பல நாய்கள் அதற்குள் எழ ஆரம்பித்திருக்கும். கூப்பிட்டால் வருவதில் பிழை இன்னும் பெரிது. நாய் நம் காலடிக்கு வந்து சேர்ந்தபிறகு பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பாடத்தின் கடினமான முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. நாற்பதடி தள்ளி, ஒரு பூனையையோ குப்பை மேட்டையோ விட்டுவிட்டுத் தலையை நம் பக்கம் திருப்பியதுதான் அந்த முடிவு. திரும்பிய கணத்தில் சத்தம் எழுந்தால், பலன் கிடைப்பது திரும்பியதற்கு. மற்ற தூரத்தை நாய் தானே ஓடிக் கடந்துவிடும், தீனி இங்கேதானே இருக்கிறது. பக்கத்திலேயே ஒட்டி நடக்கும் பாடத்தில் வேறொரு தொல்லை. நாய் முன்னே இழுக்கிறது, நாம் நிற்கிறோம், அது திரும்பி வந்து பக்கத்தில் நிற்கிறது, பாராட்டுகிறோம். சில நாளில் அது இழுத்துவிட்டுத் திரும்புவதையே ஒரு முழு ஆட்டமாகக் கற்றுக்கொள்கிறது. இழுப்பு அந்த ஆட்டத்தின் முதல் பாதி. பக்கத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே, வார் தளர்ந்திருக்கும்போதே அழுத்துவது எளிதாகத் தோன்றும். நடைமுறையில் அந்தச் சமயத்தில்தான் நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். நன்றாக நடக்கும் நாய் கவனத்தை ஈர்ப்பதில்லை.

இதில் உடற்கூறு சார்ந்த ஒரு தடையும் இருக்கிறது. கண்ணால் கண்டதற்கு விரல் அசைய மனிதருக்குக் கால் நொடி ஆகும். கண்டது சரியா தவறா என்று தீர்மானிக்கவும் வேண்டுமென்றால் இன்னும் கூடும். ஆக, நடந்தபிறகு அழுத்துபவர் எப்போதும் பிந்தியவரே. தாளம் போடுகிறவர் பாட்டின் அடி விழுந்ததைக் கேட்டுவிட்டுக் கையைத் தொடையில் தட்டுவதில்லை. அடி எங்கே விழும் என்று தெரிந்ததால் அதோடு கூடவே தட்டுகிறார். உட்காருவதற்கு முன் நாயின் எடை பின்னங்கால்களுக்கு நகர்கிறது, தலை சற்று உயர்கிறது, பின்னங்கால் முட்டிகள் மடியத் தொடங்குகின்றன. இவற்றைப் பார்க்கத் தெரிந்தவரின் விரல் மட்டும்தான் சரியான கணத்தில் அழுந்தும். பிரீலண்டுகளோடு பணியாற்றிய பாப் பெய்லி, பின்னாளில் மரியனோடு சேர்ந்து நாய்ப் பயிற்சியாளர்களுக்குக் கோழிகளை வைத்து வகுப்பெடுத்ததன் காரணமும் இதுவே. கோழியின் தலை வெட்டி வெட்டி அசைகிறது. அது நமக்காக ஒரு செயலையும் நீட்டித்துக் காட்டாது. பாசத்தால் நம் பிழையை ஈடுகட்டவும் செய்யாது. கோழியிடம் நேரம் பழகியவருக்கு நாய் மந்தகதியில் நடப்பதாகத் தோன்றும். கவனியுங்கள், அந்த வகுப்புகளில் மாணவர் கோழி அல்ல.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் வருகிறது. கிளிக்கரை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் அதற்குச் சாதகமாக இல்லை. 2008இல் பசென்ஜி நாய்கள் 35ஐ வைத்து நடந்த ஆய்வில், கூம்பு ஒன்றை மூக்கால் தொடக் கற்ற வேகத்தில் கிளிக்கரால் வித்தியாசம் இல்லை. கிளிக்கரோடு கற்றது அழியத்தான் கூடுதல் நேரம் எடுத்தது. 2016இல் இத்தாலியின் ட்ரியஸ்டேவில் 51 நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்குக் கிளிக்கர், ஒன்றுக்கு 'பிராவோ' என்ற சொல், ஒன்றுக்கு வெறும் தீனி என்று வைத்துப் பெட்டியின் மூடியைத் திறக்கக் கற்பித்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கற்றன. கிளிக்கர் அன்பர்கள் இந்த முடிவுகளைக் கண்டும் காணாமல் போவது சரியில்லை. 'டிக்' ஒலி நேராக மூளையின் அடியாழத்துக்குப் போகிறது, சொல்லால் அது முடியாது என்றெல்லாம் விற்பனைப் பேச்சாகச் சொல்லப்படுவதை இவை கவிழ்த்துவிடுகின்றன. ஆனால் இந்த ஆய்வுகளில் தீனி கொடுத்தவர்கள் யார்? தேர்ந்த கைகள். என்ன நேரத்தில் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டவர்கள். பெட்டி மூடியை மூக்கால் தள்ளுவது கண்ணுக்கு ஐயமின்றித் தெரியும் செயல், நாயும் பக்கத்திலேயே நிற்கிறது. நேரம் சரியாக இருக்கும்போது எதைக்கொண்டு நேரத்தைச் சுட்டினாலும் ஒன்றுதான் என்பதே இவற்றிலிருந்து வரும் முடிவு. எனக்கு அதில் மறுப்பில்லை. நாயின் பக்கம் கருவியால் மாற்றமில்லை என்றால், கருவி வேலை செய்யும் இடம் மனிதரின் பக்கம்தான் இருக்க முடியும். 'குட் பாய்' என்பதை நாள் முழுக்க எதற்கும் சொல்லலாம், சொல்லி முடிக்கவும் நேரமாகும், சொன்னதை யாரும் கணக்கு வைப்பதில்லை. விரலை அழுத்தியவர் தான் அழுத்திய கணத்தை மறைக்க முடியாது. எதை எதிர்பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் அழுத்தவும் முடியாது.

இன்னொரு ஆட்சேபம் ஆய்வகத்திலிருந்தே வருகிறது. லாட்டலும் கிளீசனும் 1990இல் காட்டியபடி, எந்த முன்பயிற்சியும் இல்லாத புறாக்களும் எலிகளும் 30 நொடி தாமதித்து வந்த தீனிக்காகவும் புதிய செயலைக் கற்றன. அதற்கு முன்பே 1966இல் ஜான் கார்சியாவின் குழு, ஒரு சுவைக்கும் ஒரு மணிநேரத்துக்கு மேல் கழித்து வந்த நோய்க்கும் எலிகள் முடிச்சுப் போடுவதைக் காட்டியிருந்தது. அப்படியானால் அரை நொடி வேதவாக்கு எதற்கு? கார்சியாவின் எலிகளுக்கு விடை எளிது. வயிற்றைப் புரட்டினால் தின்றதைச் சந்தேகிப்பது உயிர் பிழைக்க அமைந்த தனிப் பாதை, உட்காருவதற்கு அப்படி ஒரு பாதை கிடையாது. லாட்டலின் கூண்டோ வெறுமையானது. அங்கே அழுத்துவதற்கு ஒரு விசை, சுற்றிலும் நான்கு சுவர். 30 நொடியில் நடக்கக்கூடியவை மிகச் சில. தெருவிலோ பூங்காவிலோ நாய்க்கு 30 நொடி என்பது ஒரு யுகம். ஆகவே கேடு செய்வது தாமதம் என்பதைவிடத் தாமதத்துக்குள் புகுந்துகொள்ளும் மற்றவை. லீபர்மனும் சகாக்களும் 1979இல் செய்த சோதனை இதைத் தெளிவாக்குகிறது. எலி ஒரு வழியைத் தேர்ந்தவுடன் ஒரு வெளிச்சமோ சத்தமோ தந்தார்கள், தேர்வு சரியோ தவறோ. தீனி நிமிடக் கணக்கில் பிந்தியே வந்தது. அப்படி அடையாளமிடப்பட்ட எலிகள் கற்றன, மற்றவை தடுமாறின. அந்தச் சத்தம் பரிசை முன்னறிவிக்கவே இல்லை. 'இப்போது செய்தாயே, இதை நினைவில் வை' என்பது மட்டுமே அதன் செய்தி. கிளிக்கர் பரிசின் வாக்குறுதியாலா, அடையாளத்தாலா, இரண்டாலுமா வேலை செய்கிறது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. எப்படியானாலும் அடையாளம் தப்பான இடத்தில் விழுந்தால் தப்பானதுதான் நினைவில் நிற்கும்.

'அதெல்லாம் இருக்கட்டும், நாய்க்குத் தெரியும்' என்பது நாய் வளர்ப்போரின் ஆட்சேபம். சோபாவைக் கிழித்துவிட்டு, மாலையில் வீட்டுக்காரர் வந்ததும் காதை மடித்து, வாலைத் தாழ்த்தி நிற்கிறதே, காலையில் செய்தது நினைவிருப்பதால்தானே? நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தடுக்கப்பட்ட பண்டத்தை நாய் தின்றதா என்பதில் உரிமையாளருக்குச் சில சமயம் பொய்த் தகவல் தரப்பட்டது. குற்றவாளி முகம் தோன்றியது திருடியதைப் பொறுத்து அமையவில்லை, திட்டப்பட்டதைப் பொறுத்தே அமைந்தது. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது குறையவே இல்லை. நம் முகம் மாறியதை அவை படிக்கின்றன. பரிசு பிந்தினால் வேண்டாததைக் கற்கும், அவ்வளவுதான். தண்டனை பிந்தினால் நாய் கற்பது நம்மைக் கண்டு அஞ்சுவதை. அதனால் நேரம் பிசகும் கைகளுக்கு, அதாவது நம்மில் அநேகருக்கு, பிஸ்கட் தரும் பிழை எவ்வளவோ பாதுகாப்பானது. தீனிக்காகச் செய்வது கீழ்ப்படிதலா, லஞ்சம்தானே என்று இகழ்பவர்களிடம் நான் அதிகம் வாதாட விரும்பவில்லை. லஞ்சம் காரியத்துக்கு முன்னால் காட்டப்படுவது. பிஸ்கட்டை மூக்குக்கு நேரே ஆட்டிக் கூப்பிடுகிறவருக்கு மட்டும் அந்த வசை பொருந்தும்.

நேரத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 1961இல் பிரீலண்டுகள் தங்கள் தோல்விகளையே கட்டுரையாக எழுதினார்கள். உண்டியலில் காசு போடக் கற்ற ரக்கூன், நாளடைவில் காசுகளை விடாமல் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே நின்றது. பன்றி மரக்காசைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் வழியிலேயே மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது. இரண்டுமே தங்கள் இனம் தீனியைக் கையாளும் விதத்துக்குத் திரும்பிவிட்டன, உலகின் மிகத் தேர்ந்த கைகள் கற்பித்தும். மோப்பத்துக்கென வளர்த்தெடுக்கப்பட்ட நாயைத் தரையிலிருந்து மூக்கை எடுக்க வைக்கப் பார்ப்பவர்களுக்கு இந்த எல்லை தெரியும்.

கணத்தைப் பிடிக்கும் கலை திணறும் இன்னொரு இடம், 'ஸ்டே' எனப்படும் அசையாதிருக்கும் பாடம். இங்கே பிடிப்பதற்குக் கணமே இல்லை. நடக்காமல் இருப்பதுதான் செயல். எப்போது அழுத்துவது? பத்து நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால், ஏழாவது எட்டாவது நொடியில் நாய் பரபரக்கத் தொடங்கும். சீரான இடைவெளியில் தீனி பெற்ற ஸ்கின்னரின் விலங்குகளும் நேரம் நெருங்க நெருங்க வேகம் கூட்டின. ஒவ்வொரு முறையும் நேரத்தை நீட்டிக்கொண்டே போனால், இருக்க இருக்கக் கஷ்டம்தான் கூடுகிறது என்று நாய் கண்டுகொண்டு எழுந்துவிடும். அதனால் ஐந்து நொடி, பன்னிரண்டு, மூன்று, இருபது, ஏழு என்று மாற்றி மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் சிக்கல் தீராது. சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று பழகிய நாய், அசையாமல் இருந்ததற்காக எழுந்த சத்தத்தைக் கேட்டே எழுந்து ஓடிவரும். ஆகவே அனுபவமுள்ள பலர் இந்தப் பாடத்தில் கிளிக்கரைப் பையில் போட்டுவிடுகிறார்கள். நாய் இருக்கும் இடத்துக்குத் தாங்களே நடந்துபோய், முன்னங்கால்களுக்கு நடுவே, அது கழுத்தை நீட்ட வேண்டாத உயரத்தில், சத்தமில்லாமல் ஒரு துண்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொடுத்த நேரம் ஒன்றிரண்டு நொடி முன்னே பின்னே இருந்தாலும் அங்கே பாதகமில்லை. கொடுத்த இடம் ஓரடி முன்னால் இருந்துவிட்டால், அடுத்த முறை நாய் அந்த ஓரடி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.